அன்றன்றைய ஸ்தோத்திரம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஸ்தோத்திரத்தையும் துதியையும் பற்றியே இருந்தன. கேள்விகளைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு இங்கே தருகிறோம். வசனங்கள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், நம் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், "டீச்சர், துதி, ஸ்தோத்திரம், நன்றி மூணும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை.
— ஆசிரியை, சாத்தான்குளம்

அவனுக்கு அடுப்படியிலிருந்தே சொல்லலாம். அம்மா தோசை சுட்டுத் தருகிறார். "தோசைக்குத் தேங்க்ஸ்மா" என்றால் அது நன்றி. "எங்கம்மா மாதிரி யாரும் தோசை சுட முடியாது" என்றால் அது துதி. நன்றி கையில் கிடைத்ததைப் பார்த்துப் பேசும். துதி கொடுத்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசும்.

குழப்பம் வருவது 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லால்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல் பல வேலை செய்கிறது. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று 103-ஆம் சங்கீதம் தொடங்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'பாரக்', அதாவது வாழ்த்துவது. லேவியராகமத்தில் வரும் ஸ்தோத்திரபலிக்கு 'தோதா' என்று பெயர். இன்றைக்கும் இஸ்ரவேல் நாட்டில் ஒருவர் நன்றி சொல்ல வாயெடுத்தால் அந்தச் சொல்தான் வரும். குஷ்டம் நீங்கிய பத்துப் பேரில் திரும்பி வந்த ஒரே ஆளான சமாரியன் இயேசுவின் காலில் விழுந்து "ஸ்தோத்திரஞ்செலுத்தினான்" என்ற இடத்தில் (லூக்கா 17:16) உள்ள கிரேக்கச் சொல்லும் நன்றியையே குறிக்கிறது. துதிக்கு எபிரெயத்தில் அதிகமாக வருவது 'ஹாலல்'. அல்லேலூயாவின் முன்பாதி அதுதான்.

வகுப்பில் இதை நடித்தே காட்டலாம். பத்துப் பிள்ளைகளை நிறுத்தி, ஒன்பது பேரை வாசல் பக்கம் அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும் ஒருவன் முதலில் சத்தமாகத் தேவனை மகிமைப்படுத்தட்டும், பிறகு காலில் விழுந்து நன்றி சொல்லட்டும். 15-ஆம் வசனத்தில் துதி, 16-ஆம் வசனத்தில் நன்றி. பையனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கேள்வி: ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய சிறு புத்தகத்தை விடியற்காலையில் வாசிக்கிறேன். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுவேன். ஆனால் பாதிக்கு மேல் வாய் சொல்கிறது, மனசு சமையலில் இருக்கிறது. விட்டுவிடவும் பயமாக இருக்கிறது. அன்றைக்கு ஏதாவது தப்பாக நடந்துவிடுமோ என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?
— வாசகி, மார்த்தாண்டம்

முதலில் கணக்கைப் பாருங்கள், சகோதரி. நாற்பது நிமிஷம் என்றால் 2,400 விநாடி. ஆயிரம் ஸ்தோத்திரத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை விநாடிகூட இல்லை. "செங்கடலைப் பிளந்தவரே ஸ்தோத்திரம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. கடலையும் தண்ணீர்ச் சுவரையும் மனசு எட்டிப் பார்க்க அங்கே இடமே இல்லை. உங்கள் பக்தியில் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேகத்தில் யாருடைய மனசும் கூட வராது.

அந்தப் புத்தகங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. தேவனுடைய நாமங்களையும் செயல்களையும் வேதத்திலிருந்து திரட்டி வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஜெபிக்க வார்த்தை வராத நோயாளிக்கும், தூக்கம் வராத இரவுக்கும், இப்போதுதான் ஜெபிக்கப் பழகுகிறவர்களுக்கும் அவை நல்ல கைத்தடி. எண்ணிக்கையை முடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் கெடுக்கிறது.

திரும்பத் திரும்பச் சொல்வதே தவறு என்றும் எண்ண வேண்டாம். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டே அந்த வரி வருகிறது: வானம், பூமி, சூரியன், சந்திரன், எகிப்திலிருந்து விடுதலை, செங்கடல், வனாந்தரம், சீகோன், ஓக் என்ற ராஜாக்கள், கடைசியில் எல்லா உயிருக்கும் ஆகாரம். பல்லவி மாறுவதில்லை, காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7-இல் ஆண்டவர் தடுத்தது, அதிக வசனிப்பால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைத்துச் செய்யும் அடுக்கலை.

நாளை முதல் இப்படிச் செய்து பாருங்கள். புத்தகத்தில் இருபது வரி மட்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நின்று "ஏனென்றால்..." என்று உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சேருங்கள். "என்னைப் போஷிக்கிறவரே ஸ்தோத்திரம், ஏனென்றால் போன மாதம் சம்பளம் தள்ளிப்போனபோதும் அரிசி டின் காலியாகவில்லை." வரிக்கு அரை நிமிஷம், மொத்தம் பத்து நிமிஷம். ஐம்பது நாளில் ஆயிரமும் முடியும்.

பிறகு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து உங்களுக்கென்று ஒரு 136-ஆம் சங்கீதம் எழுதுங்கள். தாளை நாலாக மடியுங்கள். பிறந்தது முதல் படிப்பு வரை ஒரு மடிப்பு, கல்யாணமும் பிள்ளைகளும் இரண்டாவது, தப்பிய ஆபத்துகள் மூன்றாவது, இன்றைய சாப்பாடும் உடம்பும் நான்காவது. மடிப்புக்கு ஆறு வரி எழுதினால் இருபத்துநாலு. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று சேர்த்தால் இருபத்தாறு ஆகிவிடும்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டால் கெட்டது நடக்கும் என்று சொல்லப்படுவது ஸ்தோத்திரம் ஆகாது, காப்புக் கயிறு ஆகிவிடும். ஒரு வாரம் துணிந்து புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 103-ஆம் சங்கீதத்தின் முதல் ஐந்து வசனத்தை மட்டும் சொல்லுங்கள். மன்னிக்கிறார், குணமாக்குகிறார், மீட்கிறார், முடிசூட்டுகிறார், வாயைத் திருப்தியாக்குகிறார் என்று அவர் செய்கிறவைதான் அங்கே வரிசையாக நிற்கின்றன. நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள் என்ற கணக்கு அதில் இல்லை.

கேள்வி: போனை எடுத்தால் 'பிரைஸ் த லார்ட்', வைத்தால் 'பிரைஸ் த லார்ட்'. இது தேவனுடைய நாமத்தை வீணாக வழங்குவதாகாதா?
— வாசகர், வேலூர்

வாழ்த்தாகச் சொல்வதில் தவறில்லை. ரூத் 2:4-இல் போவாஸ் வயலுக்கு வந்ததும் அறுக்கிறவர்களிடம் "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்கிறான். அவர்களும் வாழ்த்தித்தான் பதில் சொல்கிறார்கள். ஆனால் அதே போவாஸ் அடுத்த நிமிஷம் பொய்க்கணக்குச் சொல்லவில்லை. வாழ்த்துக்கும் அதைத் தொடர்ந்து வரும் பேச்சுக்கும் பொருத்தம் இருந்தால் போதும், ஐயா. கடன் கேட்டு வருகிறவரைத் தட்டிக்கழிக்க 'ஸ்தோத்திரம் பிரதர்' என்று சொல்லும்போதுதான் அந்த நாமம் வீணாகிறது.

கேள்வி: இரவு குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் தண்டனைபோல ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. ஏழு வயது மகள் தூங்கி விழுகிறாள், பன்னிரண்டு வயது மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நன்றியோடு துதிக்கிற வீடாக இருக்க ஆசை. வழி சொல்லுங்கள்.
— தகப்பனார், தூத்துக்குடி

இந்தக் கேள்விக்கே இந்த இதழில் அதிக இடம் கொடுக்கிறோம், ஐயா. பிள்ளைகள் ஸ்தோத்திரத்தைக் கற்றுக்கொள்வது அந்தப் பாயில்தான்.

முதல் மாற்றம் நேரத்தில் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஏழரை மணி நல்லது. வயிறு நிறைந்த ஏழு வயதுப் பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்குவது உடம்பின் இயல்பு. அதைப் பக்திக் குறைவு என்று அதட்டினால் ஜெபம் என்றாலே அதட்டல்தான் அவளுக்கு நினைவுக்கு வரும். டிவியை அணைத்துவிடுங்கள். போன்களை, முக்கியமாக உங்கள் போனை, வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மொத்தம் பதினைந்து நிமிஷம். பாட்டு மூன்று நிமிஷம். முழுப் பாட்டும் வேண்டாம், பல்லவியோடு இரண்டு சரணம் போதும். எந்தப் பாட்டு என்பதை வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளே சொல்லட்டும். வேத வாசிப்பு மூன்று நிமிஷம். துதிக்கென்று தொடங்குகிறவர்களுக்குச் சிறிய சங்கீதங்கள் இருக்கின்றன: 117-இல் இரண்டே வசனம், 134-இல் மூன்று, 100-இல் ஐந்து, 150-இல் ஆறு, 67-இல் ஏழு, 121-இல் எட்டு, 113-இல் ஒன்பது. இந்த ஏழும் ஒரு வாரத்துக்கு ஆகும். அதே ஏழு சங்கீதங்களை நாலு வாரம் திருப்பி வாசித்தால் மகளுக்கு இரண்டு சங்கீதமாவது மனப்பாடமாகிவிடும். வாசித்தபின் பிரசங்கம் வேண்டாம். "எந்த வார்த்தை உனக்குப் பிடிச்சது?" என்ற ஒரு கேள்வி போதும்.

மூன்றாவது ஸ்தோத்திர வேளை. இதற்கு ஐந்து நிமிஷம், இதுதான் நடு. ஆளுக்கு ஒரு வாக்கியம். அதற்கு மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அது இன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். அதில் ஒரு பெயரோ பொருளோ இடமோ இருக்க வேண்டும். முன்னால் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. "சுகம் பெலன் தந்தீர், உணவு உடை தந்தீர், ஸ்தோத்திரம்" என்று பொதுப்படையாகச் சொன்னால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. "மழையில நனையாம பஸ்ஸுல இடம் கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம்" என்றால் அந்த நாள் கண்முன் வந்து நிற்கும். சிறியவள் முதலில் சொல்லட்டும், பெரியவர்கள் கடைசியில். முதல் வாரம் அவள் தினமும் ஐஸ்கிரீமுக்கும் பென்சிலுக்கும் நன்றி சொல்வாள். சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். மகன் ஒருநாள் "ஒண்ணுமில்ல" என்றால் அதையும் ஏற்றுக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள். அம்மாவும் அப்பாவும் ஒருவருக்காக ஒருவர் நன்றி சொல்வது பிள்ளைகள் காதில் விழட்டும்: "இன்னைக்கு நாலு மணிக்கே எழுந்து டிபன் கட்டிக் கொடுத்த அம்மாவுக்காக ஸ்தோத்திரம்."

இங்கேதான் பல வீடுகளில் ஜெபம் கெடுகிறது. ஜெபத்துக்குள் குற்றச்சாட்டு நுழைந்துவிடும். "ஆண்டவரே, இவன் மொபைலை விட்டுட்டுப் படிக்க கிருபை தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், அது தன்னைப் பார்த்துச் சொன்னது என்று மகனுக்குத் தெரியும். பதில் பேச முடியாத இடத்தில் வைத்து அவனை அடித்ததுபோல் ஆகிறது. கண்டிக்க வேண்டியதை ஜெபம் முடிந்தபிறகு நேரிலே கண்டியுங்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப்போல் இல்லாமல்..." என்ற ஒப்பிடுதலும் அப்படியே; லூக்கா 18-இல் பரிசேயன் ஸ்தோத்திரத்தைக் கெடுத்ததும் அந்த ஒப்பிடுதலால்தான்.

மீதி நாலு நிமிஷத்தில் வேண்டுதல்கள், ஒருவர் மட்டும் சுருக்கமாக. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம்.

ஒரு நோட்டு வாங்கிவையுங்கள். தேதி போட்டு, ஆளுக்கு ஒரு வரியாக அன்றைய ஸ்தோத்திரத்தை மகன் எழுதட்டும். நாலு பேருக்கு வருஷத்துக்கு 1,460 வரி. பக்கத்துக்கு 24 வரி என்றால் 61 பக்கம். எண்பது பக்க நோட்டு ஒன்றே போதும். டிசம்பர் 31 அன்று ஆராதனைக்குப் புறப்படுமுன் அதை எடுத்துப் புரட்டி வாசியுங்கள். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சங்கீதம் சொல்கிறது. எழுதி வைத்தால் மறதிக்கு இடமில்லை.

கேள்வி: ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மாறி மாறி ஷிப்ட். துதிக்க நேரம் ஒதுக்கவே முடியவில்லை. விடுதியில் தனி அறையும் இல்லை.
— வாசகி, சென்னை

தனி நேரம் கிடைக்காத நாட்களில் ஏற்கெனவே செய்கிற வேலையில் துதியைக் கோத்துவிடுங்கள், தங்கச்சி. நோயாளிகளுக்கு நடுவே எத்தனை தடவை கை கழுவுகிறீர்கள்! சோப்புப் போட்டுக் கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை உங்களுக்கே தெரியும். 103-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை மனசுக்குள் நிதானமாகச் சொல்ல அது தாராளம். தானியேல் ராஜ அலுவலுக்கு நடுவே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டு ஸ்தோத்திரஞ்செய்தான் (தானியேல் 6:10). "ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்கிறார் 119-ஆம் சங்கீதக்காரர். நாளில் அங்கங்கே நின்று சொல்வது வேதத்திலேயே உள்ள வழக்கம்.

தூங்கப் போகுமுன் ஐந்து நிமிஷம் கிடைத்தால், அது இரவானாலும் பகலானாலும், இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஆன்மப் பரிசோதனை உங்களுக்கு உதவும். அதில் ஐந்து படி உண்டு: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிய அருள் கேட்பது, நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. நன்றியை அவர் முதலில் வைத்திருக்கிறார் பாருங்கள். குறைகளிலிருந்து தொடங்கினால், களைத்த உடம்போடு படுத்திருக்கும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடும். வலியில்லாமல் ஊசி ஏறியது, மயக்கம் தெளிந்து கண் திறந்த பெரியவர், டீ வாங்கி வைத்திருந்த தோழி என்று தொடங்கிவிட்டு, பிறகு தவறுகளுக்கு வாருங்கள்.

கேள்வி: ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

கப்பல் உடையப்போகும் நேரத்தில் 276 பேர் நடுவே, மாலுமிகள், போர்ச்சேவகர், கைதிகள் எல்லாரும் பார்க்க, பவுல் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரித்துப் புசித்தார் (அப்போஸ்தலர் 27:35). எல்லாரும் திடமனப்பட்டுச் சாப்பிட்டார்கள் என்று அடுத்த வசனம் சொல்கிறது. இரண்டு வாக்கியம் போதும், தம்பி, பத்து விநாடிதான். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருந்தால் அவரை இடைமறிக்க வேண்டாம், தட்டைப் பார்த்தபடியே மனசுக்குள் சொல்லிவிடுங்கள். உபாகமம் 8:10 சாப்பிட்டுத் திருப்தியடைந்த பிறகு ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. முன்னால் மறந்துவிட்டால் கை கழுவும்போது சொல்லலாம். பரிமாறியவருக்கு வாயால் நன்றி சொல்வதும் சேர்ந்திருக்கட்டும்.

கேள்வி: என் மகன் இறந்து ஐந்து மாதமாகிறது. வயது இருபத்துமூன்று. விசாரிக்க வருகிறவர்கள், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று வசனம் இருக்கிறது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்கிறார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. இதுவும் பாவமா?
— ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பாவம் இல்லை, அம்மா. அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:18) நிதானமாகப் பார்ப்போம். "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "எல்லாச் சூழ்நிலையிலும்" என்று தெளிவாகவே மொழிபெயர்த்திருக்கிறது. எந்த நிலையில் இருந்தாலும் தேவனோடு உள்ள பேச்சு அறுந்துபோகக் கூடாது என்பது அதன் பொருள். மகன் போனதற்காக நன்றி சொல் என்று அது கேட்கவில்லை. எபேசியர் 5:20-இல் "எல்லாவற்றிற்காகவும்" என்று வருகிறதே என்பார்கள். அது சபையாகக் கூடிச் சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் பாடுகிறவர்களுக்குச் சொன்னது. மரணத்தை வேதம் பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்கிறது (1 கொரிந்தியர் 15:26). சத்துரு என்று தேவனே சொன்ன மரணத்துக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

லாசருவின் மரணத்தைச் சொல்லும் யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 35-ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விட்டார். 41-ஆம் வசனத்தில்தான் "பிதாவே... உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அழுகை முன்னால் வந்தது. ஸ்தோத்திரமும் லாசரு செத்ததற்காக அல்ல, "நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால்". பிள்ளைகளை இழந்த யோபுவும் "கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லுமுன் சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையிலே விழுந்தான். அதன் பிறகும் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்தான். அவனைப் பார்க்க வந்த நண்பர்கள் நல்லபடியாக நடந்துகொண்டது, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழு நாள் கூடத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

இப்போதைக்கு 13-ஆம் சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்தும் ஆறும், நம்பிக்கையும் பாட்டும், உங்களுக்கு வருகிற நாளில் வரட்டும். 88-ஆம் சங்கீதம் அந்த நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிறது; எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதுவும் துதியின் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே எப்போதாவது தோன்றினால், மகனுடைய மரணத்தைத் தொடாமல் அவன் வாழ்ந்ததிலிருந்து தொடங்குங்கள். அவன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது, வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம், உங்களை எப்படிக் கூப்பிடுவான் என்பது. நாளுக்கு ஒன்று போதும். கண்ணீரோடு நின்றுவிட்டால் அதுவே அன்றைய ஜெபம். தூக்கமும் சாப்பாடும் பல வாரமாகச் சரியில்லை என்றால் டாக்டரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: அந்த வசனம் அந்தத் தாய்க்குத் தெரியும். நீங்கள் ஒரு பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கேட்கிறார்கள். என்ன சொல்வது, எவ்வளவு நேரம்?
— வாசகி, மதுரை

மூன்று நிமிஷம். ஒரு தாளில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், அதற்கு மேல் போனால் வெட்டுங்கள். என்ன இக்கட்டு, யார் கூட நின்றார்கள், என்ன நடந்தது, அதில் தேவனை எப்படிக் கண்டீர்கள். "அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்" என்கிறது சங்கீதம் 66:16. பிரசங்கத்தைப் பிரசங்கியாரிடம் விட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் உங்களைப்போலவே ஜெபித்தும் கேட்டது கிடைக்காத ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதை மறக்காதீர்கள். "டாக்டர்கள் கைவிட்டார்கள், நான் விசுவாசித்தேன், அதனால் குணமானார்" என்று சொன்னால், கணவரை அதே வியாதியில் இழந்த பெண்ணுக்கு அவளுடைய விசுவாசம் போதவில்லை என்று கேட்கும். "மூன்று வாரம் ஐசியுவில் இருந்தார். நல்ல டாக்டரையும், ரத்தம் கொடுத்த இரண்டு தம்பிமாரையும் தேவன் தந்தார். இன்று நடக்கிறார். நாங்கள் பயந்த இரவுகளிலும் அவர் எங்களை விடவில்லை" என்று சொன்னால் உண்மையும் முழுதாக வரும், யாரும் அடிபடவும் மாட்டார்கள். வீட்டாரின் வியாதியைப் பெயரோடு சொல்லுமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் மார்க்கைச் சொல்ல வேண்டாம். பாஸாகாத பிள்ளையும் அதே பெஞ்சில் இருப்பான்.

கேள்வி: எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வாழைத்தாரை ஐயாயிரத்துக்குக் கேட்டுவிட்டேன். கடன் வாங்கித்தான் கட்டினேன். ஸ்தோத்திரக் காணிக்கை எவ்வளவு கொடுப்பது சரி?
— விவசாயி, தென்காசி மாவட்டம்

கட்டியது கட்டியதுதான், அண்ணாச்சி, அதை நினைத்து வருந்தாதீர்கள். இனிமேல் பண்டிகைக்குப் புறப்படுமுன் வீட்டிலே தொகையை முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7-இல் இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரம் 12-ஆம் வசனமோ, இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறது. மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல விலை ஏறும் இடத்தில் நன்றி நழுவி, கௌரவம் வந்து உட்கார்ந்துவிடும். கமிட்டியாரும் இதை யோசிக்க வேண்டும். ஒருவரையே குறிவைத்து விலையை ஏற்றிவிடுவது சரியல்ல.

ஸ்தோத்திரபலியின் சட்டத்தை லேவியராகமம் 7-இல் வாசித்துப் பாருங்கள். பலியோடு எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத அதிரசமும் அடையும் படைக்க வேண்டும்; நம் மொழிபெயர்ப்பில் அந்தச் சொற்களே இருக்கின்றன. புளித்த மாவின் அப்பமும் வேண்டும். 15-ஆம் வசனம் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் வைக்கக் கூடாது என்கிறது. ஒரு கிடாவை ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்தவன் லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. நம் சபைப் பொது விருந்தான அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவதும் இதைப் போன்றதுதான். ஆகவே தொகையைப்போலவே, எத்தனை பேர் அதில் சாப்பிட்டார்கள் என்பதையும் பாருங்கள்.

கையில் காசு புரளாத வீட்டுக்குப் பிடியரிசி இருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது. ஒரு பிடியை ஐம்பது கிராம் என்று வைத்தால், இரண்டு வேளைக்கு நூறு, மாதம் மூன்று கிலோ. மிசோரம் சபைகள் நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த முறையில் அரிசி சேர்த்து ஊழியங்களைத் தாங்கி வருகின்றன. அரிசியில் வண்டு விழாமலிருக்கப் பானையில் நாலு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு, மாதம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மறதி நோய். என் பெயரே சில நாள் தெரியவில்லை. நாற்பது வருஷம் பெண்கள் ஐக்கியத்தில் பாடி ஜெபித்தவர். இப்போது ஜெபிக்கச் சொன்னால் விழிக்கிறார். அவரைத் துதிக்க வைக்க வழி உண்டா?
— மகள், நாகர்கோவில்

உண்டு. ஜெபிக்கச் சொல்லாதீர்கள், பாடத் தொடங்குங்கள். இந்த நோயில் நேற்று நடந்தது முதலில் போகும். சின்ன வயதில் ராகத்தோடு படிந்த பாட்டு பலருக்குக் கடைசிவரை நிற்கும். அதனால் அவர் பள்ளியிலும் கல்யாணமான புதிதிலும் பாடிய பழைய கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் எடுங்கள். புதுப் பாட்டுகள் வேண்டாம். சுருதியை இறக்கிக்கொள்ளுங்கள், வயதானவர்களின் குரல் தாழ்ந்திருக்கும். அவருடைய மூச்சுக்கு ஏற்றபடி மெதுவாகப் பாடுங்கள். ரேடியோவோ போனோ பாடுவதைவிட உங்கள் குரல் நல்லது; அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்த முடியும்.

அவர் முகத்துக்கு நேராக, அவர் உயரத்துக்கு உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். உதடு அசையும், சில நாள் சொல்லும் வரும். மனப்பாடமான 23-ஆம் சங்கீதத்துக்கும் கர்த்தருடைய ஜெபத்துக்கும் இதே முறைதான். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். சாயங்காலத்தில் இவர்களுக்கு அமைதியின்மை கூடுவதுண்டு, ஆகவே காலையிலோ நாலு மணிக்கு முன்போ வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரே பல்லவியை இருபது தடவை பாடினாலும் கூடவே பாடுங்கள். "ஸ்தோத்திரம்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், அடுத்த வரியைக் கேட்டு வற்புறுத்தாமல் நீங்கள் "ஆமென்" சொல்லுங்கள்.